முன்பக்கத்திலிருந்து பார்த்த துவக்கு

1

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை முற்பகல், இங்கிலாந்தின் நடுப்பகுதியிலுள்ள எங்கள் வீட்டுக் குசினியில், குளிர்சாதனப் பெட்டிக்கும் சுவருக்கும் இடையிலுள்ள இடுக்கில் நான் குந்தியிருந்தேன். ஐம்பதைத் தாண்டி, கொஞ்சம் தொந்தியும் விழுந்த ஓர் ஆள் அந்த இடுக்குக்குள் எப்படிக் கொள்வார் என்று எனக்கும் தெரியாது. கொண்டேன். கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பை எப்போது விழுந்தது என்பதும் நினைவில் இல்லை.

காரணம் ஒரு சத்தம். பக்கத்து அறையிலிருந்து வந்தது. இரும்பின் மேல் இரும்பு பின்னுக்கு இழுபட்டு, பிறகு படாரென்று முன்னுக்குப் பாயும் சத்தம். இலங்கையின் கிழக்குக் கரையில், கல்முனை, சாய்ந்தமருதுப் பக்கத்தில் என் வயதில் இருப்பவர்களுக்கு மேற்கொண்டு விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: துவக்கில், அதாவது துப்பாக்கியில், ரவை ஏறும் சத்தம் அது.

என் மகள் நுஹா ஓடி வந்தாள்.

"வாப்பா! என்ன வாப்பா இது? சுடுதண்ணி பட்டுட்டா?"

"இல்ல மகள். கோப்பை வழுக்கிட்டு."

"கோப்பை வழுக்கினா நீங்க ஏன் அதுக்குள்ள போய் இரிக்கிறீங்க?"

மாடிப்படியிலிருந்து என் மனைவி ஜெஸீமா குரல் கொடுத்தாள். "எலியக் கண்டிருப்பார். ஒங்கட வாப்பாக்கு எலியெண்டாப் பயம்."

எங்கள் வீட்டில் எலி கிடையாது. எனக்கு எலிக்குப் பயமும் கிடையாது. ஆனால் அந்த நேரத்தில் அவள் எறிந்த அந்த எலியைப் பிடித்துக்கொண்டுதான் நான் எழுந்தேன். "ஓம், பெரிய எலி," என்றேன். நுஹா சிரித்தாள். நானும் சிரித்தேன்.

சத்தம் அவளுடைய கொம்பியூட்டரிலிருந்து வந்திருக்கிறது. ஹெட்போன் வயர் கழன்றது அவளுக்குத் தெரியவில்லை. நுஹா வீடியோ விளையாட்டுகளுக்கு ஆயுதம் வடிவமைப்பவள். கம்பஸில் படித்ததும் அதுதான். ஒரு சின்ன நிறுவனத்தில் இப்போது வேலையும் அதுதான். ஆனால் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. தகுதிகாண் காலம் முடிவதற்குள் ஒரு துவக்கை அவள் தனியாக வடிவமைத்துக் காட்ட வேண்டும். அதை ஏற்றுக்கொண்டால் அவள் அங்கே இருப்பாள். இல்லாவிட்டால் நன்றி சொல்லி அனுப்பிவிடுவார்கள். அதற்காகத்தான் சனிக்கிழமையும் இருந்து வேலை செய்தாள்.

எலிக் கதையை அவள் நம்பவில்லை என்பது அடுத்த நாளே விளங்கியது. அவளுடைய அறைக் கதவு மூடியே கிடந்தது. குசினிக்கு வரும்போது கூட கால் சத்தம் கேட்காமல் வந்தாள். இருபத்துச் சொச்சம் வயதுப் பிள்ளை, படியில் தடதடவென்று இறங்கி, பாட்டுப் பாடி, பாத்திரம் உருட்டி, "உம்மா, பசிக்கி" என்று கத்துகிற பிள்ளை, வாப்பா பயந்துவிடுவார் என்று பூனை மாதிரி நடக்கத் தொடங்கினாள். அந்தச் சத்தத்தை விட இந்த அமைதிதான் எனக்குத் தாங்கவில்லை.

2

இந்த வேலையைப் பற்றி ஊருக்குச் சொல்வது எங்கள் வீட்டில் ஒரு தனிப் பிரச்சினை. சாய்ந்தமருதில் இருக்கும் என் தங்கச்சி நிஸா வட்ஸ்அப்பில் எடுத்தபோது நடந்தது இது.

"காக்கா, மருமகளுக்கு வேல கிடைச்சிட்டாமே. அல்ஹம்துலில்லாஹ். என்ன வேல?"

"கேம் கம்பெனியில டிசைனர்."

"என்னத்த டிசைன் பண்றா? உடுப்பா?"

"இல்ல. துவக்கு."

அந்தப் பக்கம் கோழி கொக்கரித்தது.

"என்ன காக்கா சொல்றீங்க? துவக்குக்குப் பயந்துதானே நீங்க இஞ்ச இரிந்து வெளிக்கிட்ட?"

"உண்மத் துவக்கு இல்ல தங்கச்சி. விளையாட்டுக்குள்ள வாறது. வேறொரு கிரகத்துல சண்ட பிடிக்கிற ஆக்கள்ற துவக்கு."

"அப்ப பெருநாள் கடயில விக்கிறது மாதிரி?"

"ஓம். அது மாதிரித்தான்."

"அதுக்கா புள்ள கம்பஸ் போய்ப் படிச்ச?"

 நிஸா அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. நாலு வீட்டுக்குச் சொல்லியிருக்கிறாள். பிறகு ஊரிலிருந்து அழைத்தவர்களில் பாதிப் பேர் நுஹா ஆயுதத் தொழிற்சாலையில் வேலை செய்வதாக நம்பியிருந்தார்கள். ஒருவர், "அந்தச் சம்பளம் மார்க்கத்துல கூடுமா எண்டு ஆரையும் கேட்டுப் பாத்தீங்களா?" என்று மிகவும் கவலையோடு விசாரித்தார்.

இங்கேயும் நான் அதைவிடக் கெட்டித்தனமாக நடந்துகொள்ளவில்லை. வீட்டுக் காப்புறுதியைப் புதுப்பிக்கத் தொலைபேசியில் ஒரு பெண்ணோடு கதைத்தேன். அழைப்பு பதிவு செய்யப்படுகிறது என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார்கள். அப்படிச் சொன்னாலே எனக்கு முதுகு நேராகிவிடும். வீட்டில் வசிக்கும் பெரியவர்களின் தொழில்களைக் கேட்டாள். நான் கல்லூரி ஆய்வுகூட உதவியாளர், மனைவி முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளர், மகள் ஆயுத வடிவமைப்பாளர் என்று ஒழுங்காக ஒப்புவித்தேன்.  அவள் மிகவும் மரியாதையாக, வீட்டில் ஏதாவது ஆயுதங்கள் வைக்கப்பட்டிருக்கின்றனவா என்று கேட்டாள்.

"இல்லை. எல்லாம் கொம்பியூட்டரில் இருக்கின்றன," என்றேன்.

ஜெஸீமா தொலைபேசியைப் பறித்துவிட்டாள். மகள் ஓவியர், விளையாட்டு நிறுவனத்தில் படம் வரைகிறாள் என்று ஒரே வசனத்தில் முடித்தாள். அந்தப் பெண் சிரிப்பது எனக்கும் கேட்டது.

"ஆர்ட்டிஸ்ட் எண்டு சொல்றதுக்கு ஒங்களுக்கு வாய் வராதா? உண்ம கதைக்கிறாராம், உண்ம!"

நம் முஸ்லிம் பெயரையும் ஆயுதம் என்ற சொல்லையும் சேர்த்து ஒரு பதிவில் விட்டுவிட்டேனே என்று பல நாட்கள் ஜன்னல் சீலையை விலக்கித் தெருவைப் பார்த்தேன். யாரும் வரவில்லை. காப்புறுதிக் கடிதம் மட்டும் வந்தது, நுஹாவின் பெயரைப் பிழையாக எழுதி.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஜெஸீமா தொழுதுவிட்டு, "யா அல்லாஹ், என்ட புள்ளக்கி அந்த வேலய நிரந்தரமாக்கிக் குடு" என்று நேராகக் கேட்பாள். நான், "அவளுக்கு எது நல்லதோ அதைக் கொடு" என்று கேட்பேன். கேட்பதற்கு அடக்கமான துஆ மாதிரித்தான் இருக்கும். உள்ளே கிடந்தது வேறு. அந்தத் துவக்கை அவர்கள் வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும், பிள்ளை வேறு ஏதாவது வரைய வேண்டும். பூ, மரம், குதிரை, என்னவாவது.

3

கதவு மூடியே கிடந்த அந்தக் கிழமையில் நானாகவே போய்த் தட்டினேன்.

"மகள், ஒன்ட வேலய எனக்குப் படிப்பிச்சுத் தா."

"ஏன் வாப்பா?"

"தெரியாத்தனாலதான் பயமாக்கும் எண்டு பாக்கிறன்."

அப்படித்தான் ஞாயிற்றுக்கிழமைப் பகல் வகுப்பு தொடங்கியது. மாணவன் நான். பாடம், விஞ்ஞானப் புனைகதைப் படங்கள். பழையதிலிருந்து புதியது வரை ஒவ்வொன்றாகப் போட்டாள். துவக்கு வரும் இடத்தில் நிறுத்துவாள். கதை எங்கே போனாலும் அவளுக்குக் கவலையில்லை.

எனக்கு உண்மையாகவே பிடித்திருந்தது. அந்தப் படங்களை எடுத்தவர்களிடம் வேற்றுக் கிரகத்துத் துவக்கு எங்கே இருந்தது? பழைய கெமராவின் கைப்பிடி, தண்ணீர்க் குழாய்த் துண்டு, உடைந்த விளையாட்டுச் சாமானின் சக்கரம் என்று கையில் அகப்பட்டதை ஒட்டிக் கறுப்புப் பூசியிருக்கிறார்கள். வானொலிக் கோபுரத்தைத் தாங்கும் கம்பியைத் தட்டி அதன் ஓசையைப் பதிவு செய்து, அதைக் கதிர் பாயும் சத்தம் என்று நம்ப வைத்திருக்கிறார்கள். வீடியோ விளையாட்டுச் செய்பவர்கள் அந்தப் படங்களைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள். அதனால் அவர்கள் வரைந்த துவக்கிலும் அதே கைப்பிடி, அதே குழாய். எதற்காக அந்தக் குழாய் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. படத்தில் இருந்தது, அவ்வளவுதான்.

"ஆனா சும்மா கொப்பி அடிக்கிறல்ல வாப்பா," என்றாள். "பாருங்க, இந்தப் படத்துல துவக்குப் பக்கத்துல இலக்கம் எரியுது. எத்தின ரவை மிச்சம் எண்டு. படத்துல அது ஷோவுக்கு. கேம்ல அது தேவ. விளையாடுறவருக்குத் தெரியணும்தானே."

இன்னொரு படத்தில் சுடுவதற்கு முன் குழல் சுற்றி, ஹூம் என்று இரைந்து, நீலமாக ஒளிர்ந்தது. இயக்குநர் அதைப் பார்ப்பவரின் நெஞ்சு படபடக்கவென்று வைத்தார். விளையாட்டுச் செய்பவர்கள் அதை ஒரு சட்டமாக்கிவிட்டார்கள்: அந்த இரைச்சல் கேட்டால் ஒளிந்துகொள்ள உனக்கு நேரமிருக்கிறது. நீல ஒளி நம் ஆள், சிவப்பு ஒளி எதிரி. அதுவும் படங்கள் போட்ட வழிதான்.

நிஸா தன் பேரனுக்குப் பெருநாளைக்கு வாங்கிய பிளாஸ்டிக் துவக்கின் படத்தை அனுப்பியிருந்தாள். மருமகளைக் கேலி செய்யத்தான். நுஹா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். "மாமி சூப்பர்! இந்தக் கைப்பிடி நாம முதல் கிழம பாத்த படத்துல இரிந்து வந்தது. இந்தச் சுத்துற குழாய் அடுத்த படம். வெளிச்சம் ஒரு கேம்ல இரிந்து." கல்முனைக் கடைத்தெருவில் தொங்கும் சாமானுக்கு இவள் இங்கிருந்து வம்சம் சொல்லிக்கொண்டிருந்தாள். எங்கள் காலத்தில் பெருநாளைக்கு விளையாட்டுத் துவக்கு வாங்கித் தரமாட்டார்கள். தூரத்தில் நிற்கும் ஆமிக்காரனுக்குப் பிளாஸ்டிக் எது, இரும்பு எது என்று தெரியாது. இப்போது கடைகளில் கொத்துக் கொத்தாகத் தொங்குகிறது என்று கேட்க எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

மூன்றாவது ஞாயிறு அவள் தன்னுடைய துவக்கைக் காட்டினாள். விளையாட்டில் ஒரு பயணி ஒரு பெரிய நகரத்துக்குள் வாசல் வாசலாகக் கடந்து போக வேண்டும். ஒவ்வொரு வாசலிலும் காவற்காரன் நிற்பான். அவனுடைய துவக்குத்தான் நுஹாவின் பொறுப்பு. மினுமினுவென்று, சிவப்பு நரம்புகள் ஓட, மிக அழகாக இருந்தது.

"அழகா இரிக்கி மகள்."

"அதுதான் வாப்பா பிரச்சின." அவள் கதிரையில் சாய்ந்தாள். "எங்கட பொறுப்பாளர் என்ன சொன்னா தெரியுமா? 'இதைக் கண்டால் எனக்கு எடுத்துச் சுட ஆசையாக இருக்கிறது, பயம் வரவில்லை' எண்டா. ரெண்டு தரம் திருப்பி அனுப்பிட்டா. இன்னொரு தரம்தான் இரிக்கி."

அப்போதுதான் அவள் ஒரு விஷயம் சொன்னாள். இந்த விளையாட்டுகளில் துவக்கு எப்போதும் நம் கையில் இருப்பது போலத்தான் தெரியும். நம் கண்ணுக்குக் கீழே, பின்பக்கம். வடிவமைப்பவர்கள் உயிரைக் கொடுத்து வரைவது அந்தப் பின்பக்கத்தைத்தான். அவள் படித்ததும் பழகியதும் அதுதான். முன்பக்கம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. படங்களில் பார்த்ததுதான்.

 நான் துவக்கை முன்பக்கத்திலிருந்து மட்டுமே பார்த்தவன்.

4

அவள் கேட்டது காரில் வைத்து. ஹலால் இறைச்சிக் கடைக்குப் போகிற வழி, அவள் ஓட்டினாள், நான் பக்கத்தில். வாகன நெரிசல். முகத்துக்கு முகம் பார்க்கத் தேவையில்லாத இடம் அது. அவளும் அதை யோசித்துத்தான் கேட்டிருப்பாள்.

"வாப்பா, அண்டைக்கி எலி இல்லத்தானே?"

"இல்ல."

"நீங்க உண்மத் துவக்கக் கிட்டப் பாத்திரிக்கீங்களா?"

"ஓம்."

"எப்பிடி இரிக்கும்?"

நுஹாவிடம் நான் சண்டைக் காலத்தைப் பற்றிக் கதைத்ததே இல்லை. மறைக்க வேண்டும் என்றல்ல. எனக்கு ஒன்றும் நடக்கவில்லை. ஏதேனும் நடந்த ஆட்கள் எத்தனையோ பேர் அந்தக் கரையில் இருக்கிறார்கள், தமிழ் ஊரிலும் எங்கள் ஊரிலும். ஆளை இழந்தவர்கள், வீட்டை இழந்தவர்கள். அவர்களுக்குச் சொல்வதற்கு ஒரு கதை இருக்கிறது. ஒன்றும் நடக்காத ஆள் தனக்குக் கை நடுங்குகிறது என்று எந்த முகத்தோடு சொல்வது?

ஆனாலும் சொன்னேன். நான் புதிதாக ஆசிரியராகி, சொறிக்கல்முனைப் பக்கத்தில் ஒரு பாடசாலைக்குத் தினமும் சைக்கிளில் போன காலம். கல்முனையைத் தாண்டி, வயல் வழியே, தண்ணீருக்குக் குறுக்கே கட்டிய தாம்போதியால் போக வேண்டும். அந்தத் தொங்கலில் சென்றி, ஆமிக்காரர் மறித்துச் சோதிக்கும் இடம். இறங்கி, சைக்கிளை உருட்டி, அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு போக வேண்டும். ஆமிக்காரன் என் வயதுக்காரன்தான்.

"துவக்குக்கு மினுக்கமெல்லாம் இல்ல மகள். தோள்ல போடுற பட்டி அறுந்து, நைலோன் கயித்தால கட்டியிரிப்பான். மாரி காலத்துல தண்ணி போகாம குழல் வாயில சொப்பிங் பேக் ஒண்டச் சுத்தியிரிப்பான்."

"சொப்பிங் பேக்கா!" அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"ஓம். உடுப்புக் கடப் பேக். பூப் போட்டது."

"அப்ப பயமா இரிக்கல்லியா?"

"அதுக்குள்ளாலயும் ரவை வரும்தானே."

அவள் சிரிப்பதை நிறுத்தினாள். முன்னால் நின்ற கார் கொஞ்சம் நகர்ந்தது. நாங்களும் நகர்ந்தோம்.

"ஒங்கட படங்கள்ல துவக்கு மேல உசரும்போதுதான் பயம் காட்டுறாங்க," என்றேன். "எங்களுக்கு அது எப்பவும் உசந்துதான் இரிக்கும். அதப் பாக்க மாட்டம். அவன்ட முகத்தயும் பாக்க மாட்டம். குனிஞ்சி நிப்பம். ஆனா கண்ணுக்குத் தெரியும், குழல் ஒரு சாண் கீழ எறங்கும். அட்டய வாசிச்சி முடிச்சிட்டான் எண்டு அர்த்தம். அது எறங்கிறத்தான் பாத்திட்டு நிப்பம்."

"எறங்காட்டி?"

ஒரு நாள் இறங்கவில்லை. எங்கேயோ ஏதோ நடந்திருந்தது, ஆள் மாறியிருந்தான். என்னைச் சைக்கிளோடு வெயிலில் நிறுத்தி வைத்தான். பின்னால் நின்ற இன்னொருவன் துவக்கில் ரவை ஏற்றும் சத்தம் கேட்டது. ஏன் ஏற்றினான் என்று இன்றுவரை தெரியாது. சும்மா துடைத்துப் பார்த்திருக்கலாம். பாடசாலை விடும் நேரம் வரை நின்றேன். பிறகு போகச் சொன்னார்கள். போனேன். அவ்வளவுதான்.

"ஒண்டும் நடக்கல்ல மகள்," என்றேன். "அதுதான் சொல்றதுக்கு ஒண்டுமில்ல."

 கண்ணாடித் துடைப்பான் மழையில்லாமலே ஓடிக்கொண்டிருந்தது, நுஹா கை பட்டுப் போட்டுவிட்டாள் போலும். பின்னால் இருந்தவன் ஹோர்ன் அடித்தான்.

இறைச்சிக் கடை வாசலில் காரை நிறுத்திவிட்டுக் கேட்டாள். "வாப்பா, இத நான் எடுக்கலாமா? வேலைக்கி?"

இந்தப் பிள்ளைக்குக் கடையில் பார்த்த எல்லாம் வேண்டும் என்று அழுத வயது ஒன்று இருந்தது. அப்போதெல்லாம் யோசிக்காமல் இல்லை என்று சொல்வேன். இதற்கு யோசித்தேன். இரண்டு கோழியும் ஒரு கிலோ ஆட்டிறைச்சியும் வாங்கி முடிக்கும்வரை யோசித்தேன். நான் இல்லை என்றால் அவள் எடுக்கமாட்டாள். அந்த வேலையும் அவளுக்குக் கிடைக்காமல் போகலாம். அவளுக்கு எது நல்லதோ அது நடக்கும் என்று நான் கை கழுவிவிடலாம்.

"எடு," என்றேன். "ஆனா அந்தப் பொடியன்ட முகத்தப் போட வேணாம்."

"ஒங்களுக்கு முகம் ஞாபகமா?"

"இல்ல."

"பொறகு நான் எங்க போய்ப் பாத்துப் போடுற?"

அன்று நாங்கள் சிரித்த சிரிப்பில் இறைச்சிக் கடைக்காரர் வெளியே எட்டிப் பார்த்தார்.

5

சிவப்பு நரம்புகளை அழித்துவிட்டாள். இலக்கம், இரைச்சல், சுற்றும் குழாய், படங்கள் கொடுத்த எல்லாவற்றையும் கழற்றினாள். காவற்காரனின் துவக்கு இப்போது மங்கலான, தேய்ந்த ஒரு சாமான். பட்டிக்குப் பதில் கயிறு. வாயில் சுற்றிய ஒரு பை. அந்த நகரத்தில் ஓயாத மழையாம், காரணம் கேட்டால் சொல்வதற்கு. பூப் போட்டதா என்று கேட்டேன். போட்டதுதான் என்றாள்.

முக்கியமானது துவக்கு செய்யும் வேலை. பயணி ஓடினால் சுடும். ஆயுதம் எடுத்தால் சுடும். ஒன்றும் செய்யாமல் வெறுங்கையோடு நின்றால், காவற்காரன் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, குழலைத் தாழ்த்துவான். வழி விடுவான்.

"அது எங்கயும் எழுதியிரிக்காது வாப்பா. விளையாடுறவரே கண்டுபிடிக்கணும்."

"கண்டுபிடிக்காட்டி?"

"செத்துச் செத்துத் திரும்பி வரணும்."

காட்டும் நாள் வந்தது. வெளியிலிருந்து விளையாடிப் பார்க்கச் சிலரைக் கூப்பிட்டிருந்தார்கள். பொறுப்பாளரும் மற்றவர்களும் பின்னால் நின்று பார்ப்பார்கள். நான் அன்று கல்லூரி ஆய்வுகூடத்தில் போத்தல் கழுவிக்கொண்டே தொலைபேசியைப் பார்த்தபடி இருந்தேன். மதியம் போல ஒரு செய்தி வந்தது. 'எல்லாரும் சுடுறாங்க வாப்பா. ஒருத்தரும் நிக்கிறாங்கல்ல. முடிஞ்சி.'

அன்றைய லுஹர் தொழுகையில் நான் கேட்ட துஆவில் எது நல்லதோ என்ற சொல் வரவில்லை. ஜெஸீமாவைப் போல நேராகக் கேட்டேன்.

பின்னேரம் நுஹா வாசல் கதவைத் திறந்த வேகத்தில் அது சுவரில் மோதியது. சப்பாத்தைக் கூடக் கழற்றாமல் குசினிக்குள் வந்தாள்.

"உம்மா! வாப்பா! கேளுங்க."

கடைசியாக வந்தவன் ஒரு தடித்த வாலிபனாம். எல்லோரையும் போல அவனும் சுட்டு, செத்து, சுட்டு, செத்து, சலித்துப்போய், கொன்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டுப் பையிலிருந்து உருளைக்கிழங்குப் பொரியல் பைக்கெட்டை எடுத்து உடைத்திருக்கிறான். திரையில் அவனுடைய பயணி சும்மா நின்றான். துவக்கு முகத்துக்கு நேரே. இவன் ஒரு துண்டை வாயில் போட்டான். துவக்கு தாழ்ந்தது. காவற்காரன் விலகினான்.

"அவன் மெல்லுறத நிப்பாட்டிட்டான் வாப்பா! வாய் நிறைய வச்சிட்டுத் திரையப் பாக்கிறான்.  பொறகு அவன் மெதுவா என்ன சொன்னான் தெரியுமா? 'மன்னிச்சுக்கோங்க' எண்டான். துவக்கப் பாத்து!"

"வேல?" என்றாள் ஜெஸீமா. அவளுக்குக் கதை வேண்டாம், முடிவு வேண்டும்.

"நிரந்தரம்."

ஜெஸீமா அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதாள். பிறகு, "சப்பாத்தோட குசினிக்குள்ள வந்திரிக்கா பாரு," என்று ஏசினாள். நான் நிஸாவுக்குச் செய்தி அனுப்பினேன். 'அல்ஹம்துலில்லாஹ். இனி ஒங்கட வீட்டுல நிரந்தரத் துவக்கு' என்று பதில் வந்தது.

பொறுப்பாளர் ஒரு திருத்தம் மட்டும் சொன்னாராம். காவற்காரன் எடுக்கும் நேரம் அதிகம், ஆட்கள் அவ்வளவு நேரம் நிற்கமாட்டார்கள், குறைக்க வேண்டும் என்று. நுஹா கொஞ்சம் குறைத்துவிட்டாள். எனக்கு அதில் வருத்தமில்லை. யாரையும் வெயிலில் அவ்வளவு நேரம் நிறுத்தத்தான் கூடாது.

6

ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயில். சாடியில் வைத்த கொச்சிக்காய்க் கன்றுகளை வெளியே எடுத்து வைத்துவிட்டு வந்தபோது நுஹா கொன்ட்ரோலரை என் கையில் தந்தாள். நான் இதுவரை எந்த விளையாட்டும் விளையாடியதில்லை. எந்த விரல் எங்கே என்று காட்டித் தந்தாள். நடப்பதற்கு இடது பெருவிரல். முன்னுக்குத் தள்ளினால் முன்னுக்குப் போகும்.

"பயமா இரிந்தா நிப்பாட்டலாம் வாப்பா."

"பாப்பம்."

மழை பெய்யும் ஒரு தெரு. நான் நடந்தேன். சுவரில் மோதினேன். திரும்பினேன். தூரத்தில் வாசல் தெரிந்தது, அதன் முன்னால் அவன். கிட்டப் போகப் போகத் துவக்கு மேலே வந்தது.  ஜெஸீமா பின்னால் வந்து கதிரையின் சாய்மானத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

எனக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. நின்றேன்.

கயிறு தெரிந்தது. பையில் பூத் தெரிந்தது, மழையில் நனைந்து ஒட்டியிருந்தது. முகம் தெரியவில்லை, நுஹா அதன் மேல் தலைக்கவசத்தின் நிழலை விழவிட்டிருந்தாள். நான் திரையின் கீழ்ப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது, அவனுடைய சப்பாத்தை.

குழல் தாழ்ந்தது. ஒரு சாண். அவன் ஒரு பக்கமாக விலகினான். வாசல் திறந்து கிடந்தது, அதற்கப்பால் வெளிச்சமான ஒரு சந்தைத் தெரு, ஆட்கள் நடமாட்டம்.

நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"வாப்பா," என்றாள் நுஹா. "எறக்கிட்டான். இனிப் போலாம்."

"அவன் இன்னும் போகச் சொல்லல்லியே, மகள்."

அவள் என்னைப் பார்த்தாள். கொம்பியூட்டர் விளையாட்டைப் பற்றி ஏதோ விளக்கம் சொல்ல வாயெடுத்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். பிறகு கிட்ட வந்து, கதிரையின் கைப்பிடியில் உட்கார்ந்து, என் பெருவிரலின் மேல் தன் பெருவிரலை வைத்தாள்.

"நான் சொல்றன்," என்றாள். "போங்க."

முன்னுக்குத் தள்ளினோம்.